தச்சர் ஜான் ஹாரிஸன்

நூல்களைக் கற்றோரே அறிவை வளர்ப்பவர் என்றும், கையால் தொழில் புரிவோர் பிறர் வகுத்த நெறியிற் செல்பவரே என்றும் எண்ணுதல் நம்மவர் பலர்க்கு இயல்பாய் அமைந்துளது. அவ்வெண்ணம் பிழையென்பதற்குச் சான்றுகள் பல உள. அவற்றுள் ஒன்று ஆங்கில நாட்டுத் தச்சர் ஒருவரின் வரலாறு. உளியும் இழைப்புளியும் பிடித்துப் பழகிய கையாலேயே, அக்காலத்து வானநூற் பேரறிஞர்களும் அரிதெனக் கைவிட்ட ஒரு செயலை அவர் முடித்துக் காட்டினார். அவரே ஜான் ஹாரிஸன் என்பார்.

பிறப்பும் இளமையும்

ஹாரிஸன் 1693-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்‌ஷயரில் ஃபோல்பி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஹாரிஸன் தச்சுத் தொழிலர். மகவு சிறு பிள்ளையாயிருந்த பொழுதே, ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டில், அக்குடும்பம் லிங்கன்ஷயரில் ஹம்பர் ஆற்றின் தென்பால் உள்ள பாரோ என்னும் ஊரிற் குடியேறிற்று. தந்தையின் பட்டறையே மகனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. வாளால் நூல் பிறழாது அறுத்தலும், இழைப்புளியால் பலகையைச் சமன் செய்தலும், மூலைமட்டம் வைத்துக் கோணம் பார்த்தலும், கடைசற் பட்டறையில் உருளைகளைக் கடைதலும் அவர் ஆங்கே கற்றவை.

கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் கற்கும் வேட்கை மிகுதியும் இருந்தது. அவ்வூர்ப் பக்கம் வந்து சென்ற குருவானவர் ஒருவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணித ஆசிரியராய் விளங்கிய நிக்கொலஸ் சாண்டர்ஸன் என்பாரின் விரிவுரைகளைக் கையெழுத்துப் படியாக அவருக்கு இரவல் தந்தார். சாண்டர்ஸனோ இரு கண்ணும் இழந்தவர். அவ்வுரைகளை ஹாரிஸன் ஓர் எழுத்தும் விடாது தம் கையால் பெயர்த்தெழுதி, படங்களையும் வரைந்து, மீண்டும் மீண்டும் பயின்றார். பட்டறைப் பழக்கமும் இப்பயிற்சியும் ஒன்றுகூடியதே அவர் பெற்ற கல்வி முழுவதும்.

மரத்தாலாகிய கடிகாரங்கள்

1713-ஆம் ஆண்டில், இருபது வயதிளைஞராய் இருந்த பொழுது, ஹாரிஸன் முதற் கடிகாரத்தை இயற்றினார். பிறர் பித்தளையாற் செய்யும் சக்கரங்களை இவர் மரத்தாற் செய்தார். பித்தளை விலைமிக்க பண்டம், மரமோ அவர் கையறிந்த பொருள். ஓக் என்னும் கருவாலி மரம் சக்கரங்களாயிற்று. பாக்ஸ் என்னும் நெருங்கிய இழையுடைய மரம் அச்சுகளுக்கு உதவிற்று. 1715-லும் 1717-லும் அவ்வாறே செய்த வேறிரண்டும், முதலாவதும், இன்றளவும் அழியாது காக்கப்பட்டு வருகின்றன.

மரச்சக்கரம் என்றவுடன் நமக்கு ஐயம் எழுதல் கூடும். மரம் காற்றின் ஈரத்தைப் பருகி விரியும், வறட்சியிற் சுருங்கும். அவ்விரிவும் சுருக்கமும் இழையின் நீளப்போக்கில் மிகச் சிறியன. இழைக்குக் குறுக்கே மிகப் பெரியன. ஆதலின் ஒரு பலகையிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த சக்கரம் நாளடைவில் வட்டம் குன்றி நீளுருண்டையாகும். அன்றியும், அச்சக்கரத்தின் விளிம்பிற் பற்களை வெட்டின், சில பற்களில் இழை நுனிநோக்கி ஓடும். சிலவற்றிலோ குறுக்கே ஓடும். குறுக்கிழை பெற்ற பல், உளியாற் சிறிது நெம்பினும் பிளந்து உதிரும். மரவேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்குவோரும் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவே: கருவி எத்துணைக் கூரியதாயினும், இழையின் போக்கை அறியாத கை மரத்தைக் கெடுக்கும்.

ஹாரிஸன் இக்குறையைத் தச்சர் முறையாலேயே தீர்த்தார். சக்கரத்தின் விளிம்பிற் சுற்றிலும் பள்ளம் கீறி, அதனுள் ஓக் மரத் துண்டுகளைச் சிலசில பற்களுக்கு ஒன்றாகப் பதித்து, ஒவ்வொரு பல்லிலும் இழை நடுவினின்று நுனிக்கு ஓடுமாறு அமைத்தார். இதனால் ஒரு பல்லேனும் குறுக்கிழை உடையதாகவில்லை. மரத்தைத் தெரிந்தெடுத்தலிலும் அவர் மதிநுட்பம் விளங்கிற்று. ஓக் மரம் விரைந்து வளருமாயின் அதன் ஆண்டு வளையங்கள் அகன்றிருக்கும். அவ்வாறு வளர்ந்த மரமே உறுதி மிக்கது. மெல்ல வளர்ந்ததோ வளையம் நெருங்கி, எடை குறைந்து நிற்கும். ஆகவே வலிமை வேண்டிய பற்களுக்கு முன்னதையும், இலேசாக இருத்தற்குரிய நடுப்பகுதிக்குப் பின்னதையும் அவர் கொண்டார். மரத்தை வெட்டுவதற்கு முன் அதனைப் படித்தறிந்தார் என்றே கூறலாம்.

எண்ணெயில்லாக் கடிகாரம்

ஏறத்தாழ 1722-ஆம் ஆண்டில், ப்ராக்கல்ஸ்பி என்னுமிடத்துப் பெருஞ்செல்வர் மாளிகையின் குதிரைலாயத்துக் கோபுரத்திற்குக் கடிகாரம் ஒன்று செய்து தரும் பணி அவருக்குக் கிட்டிற்று. அக்காலத்துக் கடிகாரங்களுக்கு எண்ணெயே பெரும்பகையாய் இருந்தது. எண்ணெய் இடாவிடின் உறுப்புகள் தேயும். இட்டாலோ அது குளிரில் இறுகியும் வெப்பத்தில் இளகியும், நாட்பட அழுக்கேறியும் சக்கரத்தின் ஓட்டத்தைக் கெடுக்கும். எண்ணெயைச் சீர்ப்படுத்த முயன்றோர் பலர். எண்ணெயே வேண்டாமெனத் துணிந்தவர் ஹாரிஸன்.

மேற்கிந்தியத் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் லிக்னம் வைட்டே என்றொரு மரம் வளர்கின்றது. உயிர்மரம் என்பது அப்பெயரின் பொருள். நீரில் இட்டால் மூழ்கிவிடும் அத்துணை வைரம் பாய்ந்தது. தன்னுள்ளேயே மெழுகுபோன்ற நெய்ப்பசை உடையது. உராய்வு நேரும் இடங்களில் எல்லாம் ஹாரிஸன் அம்மரத்தைப் பொருத்தி, பற்கள் மோதும் இடங்களிலும் அம்மரத்து உருளைகள் சுழலுமாறு செய்தார். எண்ணெய் வெளியிலிருந்து ஊற்றப்படாமல் மரத்தினுள்ளிருந்தே கிடைத்தது. அக்கோபுரக் கடிகாரம் முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

அதன்பின் தம்பி ஜேம்ஸ் என்பாருடன் சேர்ந்து, 1720-களின் இறுதியில் மேலும் திருத்தமான ஊசற் கடிகாரங்களை இயற்றினார். வெயிலில் ஊசற்கம்பி நீளுதலால் கடிகாரம் தளர்வதைத் தடுக்க, பித்தளைக் கம்பிகளையும் உருக்குக் கம்பிகளையும் மாறிமாறி அடுக்கி, ஒன்றின் நீட்சி மற்றொன்றின் நீட்சியை ஈடு செய்யுமாறு அமைத்தார். இக்கடிகாரங்களைச் சோதித்தற்கு அவரிடம் வானநோக்கு நிலையம் ஏது? தம் வீட்டுச் சன்னற் சட்டத்தையும் அயல்வீட்டுப் புகைக்கூண்டையும் குறியாகக் கொண்டு, நாள்தோறும் குறித்த விண்மீன் அக்கூண்டின் பின் மறையும் பொழுதை நோக்கினார். விண்மீன் ஒவ்வோர் இரவும் முன்னிரவினும் 3 நிமிடம் 56 விநாடி முந்தி மறையும். அவ்வளவையோடு ஒப்பிட்டுப் பார்க்க, திங்கள் ஒன்றுக்கு ஒரு விநாடிக்கு மேற் பிழையாமல் அவர் கடிகாரங்கள் ஓடின.

கடல் விடுத்த வினா

இனி, ஹாரிஸன் தம் வாழ்நாளை ஒப்படைத்த பெருஞ்செயலைக் கூறுவாம். கடலிற் செல்லும் மாலுமி தான் நிற்கும் அட்சரேகையைக் கதிரவனையோ துருவ மீனையோ கொண்டு அறிவான். தீர்க்கரேகையை அறிதலோ அரிது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. ஆதலின் தன் துறைமுகத்து மணியையும் தான் நிற்கும் இடத்து நண்பகலையும் ஒருங்கே அறிந்தவன் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆயினும் அலையில் ஆடியும் வெப்பதட்பம் மாறியும் செல்லும் கப்பலில், துறைமுக நேரத்தைத் தவறாது காக்கும் கடிகாரம் அந்நாளில் இல்லை. 1707-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் நான்கு, இருக்குமிடம் அறியாது ஸில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் அறியும் வழி காண்பவர்க்கு 20,000 பவுன் பரிசளிப்பதாக அறிவித்தது. அரைப் பாகையாவது இரண்டு நிமிட நேரம். ஆறு வாரப் பயணத்தில் நாளொன்றுக்கு மூன்று விநாடிக்கு மேற் பிழையாத கடிகாரம் வேண்டும்.

1730-இல் ஹாரிஸன் இலண்டன் சென்று வானநூற் புலவர் எட்மண்டு ஹாலியைக் கண்டார். அவர் கடிகாரத் தொழில் வல்லாராகிய ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். கிரஹாம் நாட்டுப்புறத் தச்சரின் திறத்தை உணர்ந்து, பொருளுதவியும் புரிந்தார். ஐந்தாண்டு உழைப்பின் பயனாக 1735-இல் முதற் கடற்கடிகாரம் முடிந்தது. எடை ஏறத்தாழ 34 கிலோகிராம். அதிலும் ஓக் மரச்சக்கரங்களே சுழன்றன. 1736-இல் அதனோடு லிஸ்பன் சென்று மீள்கையில், முதலிற் கண்ட கரை எதுவென்பதில் மாலுமிகள் பிழைபட, ஹாரிஸனே உண்மை இடத்தைக் கூறினார். பிழை ஏறத்தாழ 60 மைல் அளவினது.

பரிசைக் கேட்டிருக்கலாம், அவரோ கேட்கவில்லை. தம் கருவியின் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, மற்றொன்று செய்யப் பொருளுதவி மட்டும் வேண்டினார். இரண்டாவதும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மூன்றாவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. பின்னர்ப் பெரிய யந்திரத்தைத் துறந்து, உள்ளங்கையில் அடங்குவதினும் சற்றே பெரிய, ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கைக்கடிகாரம் ஒன்றை 1759-இல் முடித்தார். நாற்பதாண்டு கொண்ட கொள்கையை முதுமையிற் கைவிட்டுப் புதியது தொடங்குதல் எளிதோ?

தீர்ப்பும் தாமதமும்

1761-இல் ஹாரிஸனின் மகன் வில்லியம் அக்கடிகாரத்துடன் ஜமெய்க்காத் தீவுக்குக் கப்பலேறினார். 81 நாளில் அது பிழைத்தது ஐந்து விநாடி அளவே. தீர்க்கரேகைக் குழுவினர் அது தற்செயலாயிருக்கலாம் என ஐயுற்றனர். 1764-இல் பார்படோஸ் தீவுக்கு இரண்டாஞ் சோதனை நிகழ்ந்தது. பிழை 39 விநாடி; சட்டம் பொறுத்த அளவில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. அப்பொழுதும் பரிசு முழுவதும் வரவில்லை. 1765-இல் புதிய சட்டம் ஒன்று பிறந்தது: கடிகாரத்தின் உள்ளமைப்பை வெளியிட்டால் பாதித்தொகை, அதனைப் போன்றவை செய்து காட்டினால் மறுபாதி என்பது அதன் கருத்து.

அந்நாளில் அரச வானநூலாராய் அமர்ந்த நெவில் மாஸ்கலீன் சந்திரனின் செலவைக் கொண்டு தீர்க்கரேகை காணும் முறையைப் பேணியவர். கடிகாரத்தைச் சோதித்து அவர் கூறிய தீர்ப்பும் ஹாரிஸனுக்குப் பாதகமாய் அமைந்தது. எனினும் ஒன்று சொல்லல் வேண்டும். மாஸ்கலீனின் முறையும் மாலுமிகளுக்கு நெடுங்காலம் உதவிற்று; ஒரு கடிகாரம் நன்கு ஓடுவதால் எல்லாரும் அத்தகையது செய்யக்கூடும் என்று ஆகாது எனக் குழுவினர் கருதியதிலும் சிறிது நியாயம் உண்டு. ஆயின் முதிய தொழிலாளரைச் சட்டத்தின் சொல்லை மாற்றிமாற்றி அலைக்கழித்தது நியாயமாகாது.

ஹாரிஸன் எழுபது வயது கடந்தும் பட்டறையை விடாது மற்றொரு கடிகாரம் இயற்றினார். 1772-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் வானநோக்கு நிலையத்தில் அதனைத் தாமே சோதித்து, அதன் செவ்வியை உணர்ந்தார். மன்னர் துணை நிற்க, 1773-இல் பாராளுமன்றம் 8,750 பவுன் அளித்தது. அதுவும் குழுவினர் தந்த பரிசன்று, பாராளுமன்றத்தின் கொடையே. அதே காலத்தில் லார்க்கம் கெண்டல் என்பார் ஹாரிஸன் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த படியைக் கப்பல் தலைவர் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தில் (1772–75) உடன்கொண்டு சென்று, அதனை நம்பத்தக்க வழிகாட்டியெனப் போற்றித் திரும்பினார். ஹாரிஸன் 1776-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இலண்டனிற் காலமானார். ஹாம்ஸ்டெட் ஆலயத்து மயானத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

ஹாரிஸனின் கடற்கடிகாரங்கள் துருவேறிக் கிடந்தன. 1920 முதல் ரூபர்ட் கூல்டு என்னும் கடற்படை அதிகாரி பல்லாண்டு உழைத்து அவற்றைச் சீர்ப்படுத்தினார். அவை இப்பொழுது கிரீனிச்சில் உள்ளன. ஹாரிஸன் தம் இறுதி நூலில், நூறு நாளில் ஒரு விநாடிக்குள் பிழைக்கும் ஊசற் கடிகாரம் செய்யக்கூடும் என்று எழுதியதைப் பலர் முதியவரின் வீண்பெருமை என நகைத்தனர். அவர் கொள்கைப்படி நம் காலத்திற் செய்யப்பட்ட ஒரு கடிகாரம் 2015-இல் கிரீனிச்சிற் சோதிக்கப்பட்டு, நூறு நாளில் ஒரு விநாடிக்கும் குறைவாகவே பிழைத்தது. இருநூற்று நாற்பதாண்டுக்குப் பின் தச்சரின் சொல் மெய்யாயிற்று.

மாணவ நண்பர்காள்! ஓய்வுப் பொழுதில் நம்மிற் சிலர் வாளும் உளியும் எடுத்துச் சிறு பெட்டியோ புத்தகத் தட்டோ செய்ய விழைகின்றோம். கருவிகள் பல வேண்டுமென்று கவலற்க. சாணை பிடித்த உளி ஒன்று, நேரிய மூலைமட்டம் ஒன்று, நல்ல வாளும் இழைப்புளியும் இருப்பின் போதும். ஒருமுறைக்கு இருமுறை அளந்து, இழையின் போக்கை நோக்கி, முற்ற உலர்ந்த மரத்தில் வேலை தொடங்குக. பொருத்து இணங்காவிடின் பசையாலும் ஆணியாலும் மறைக்க முற்படாது, மீண்டும் இழைத்துச் செப்பஞ்செய்க. தாம் செய்ததில் தாமே குறை கண்டு, பிறர் புகழ்ந்த பின்னும் அதனைத் திருத்த அமர்ந்த அம்முதிய தச்சரின் பொறுமை நம் கைக்கும் வருவதாக. அது நாம் கற்கும் நூற்கல்விக்கும் உறுதுணையாகும்.