தெருவைச் சுமந்து சென்ற அகதி

1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் வியன்னா நகருக்குள் நுழைந்தன. அந்நகரிலே சிறியதொரு கட்டடக் கலைப் பணியகத்தை நடத்தி வந்த முப்பத்து நான்கு வயது யூதர் ஒருவர், சில மாதங்களுக்குள் யாவற்றையும் விட்டு வெளியேறினார். நியூயோர்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவருடைய கையில் எட்டு டொலரே இருந்தது என்று அவரைப் பற்றி எழுதுவோர் கூறுவர். ஆங்கிலமும் தெரியாது. ஆயினும் இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அம்மனிதர் அமெரிக்க மக்கள் கடைக்குப் போகும் முறையையே மாற்றிவிட்டார். பின்னர் அந்த மாற்றத்தின் விளைவைக் கண்டு மனம் வெதும்பி, வெறிச்சோடிய நகர வீதிகளுக்கு உயிரூட்டுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். விக்டர் குரூவன் என்ற அந்த அகதியின் வாழ்க்கை, அகதிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

1903ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் வியன்னாவிற் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் விக்டர் டேவிட் குரூன்பவும். ஜேர்மன் மொழியில் அது பசுமரம் எனப் பொருள்படும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற காலத்தில் அப்பெயரைக் குரூவன் எனச் சுருக்கிக்கொண்டார். மரம் போயிற்று; பசுமை மட்டும் எஞ்சியது.

இளமையில் அவருக்கு இரண்டு ஆர்வங்கள் இருந்தன. ஒன்று கட்டடக் கலை. மற்றையது மேடை. சமதர்மக் கட்சியினர் நகராட்சியை நடத்திய அக்காலத்து வியன்னாவில், அரசியல் நையாண்டி நாடகங்களை எழுதியும் நடித்தும் வந்த இளைஞர் குழுவில் அவரும் ஒருவர். பகலிற் கடைகளின் முகப்புகளைத் திருத்தி அமைப்பார். இரவிற் சிறு அரங்குகளில் ஆட்சியாளரைப் பகடி செய்வார். மனிதர் எங்கே நிற்கிறார்கள், எதைக் கண்டு திரும்புகிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பவற்றை அவருக்குக் கற்பித்ததில் வரைபலகையைப் போலவே மேடைக்கும் பங்குண்டு என்பது எமது எண்ணம்.

அவர் வளர்ந்த நகரத்தின் தன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழைய வியன்னாவின் வீதிகளிற் கீழே கடைகள், மேலே வீடுகள். நாளிதழ் படித்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கக் கோப்பிக் கடைகள். தேவாலயமும் நாடக அரங்கும் சந்தையும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தன. வாங்குவதற்கு ஒன்றும் இல்லாதவனும் அவ்வீதிகளில் உலாவ முடிந்தது. பணமும் உடைமையும் பறிபோன பின்னர் அவர் தம்முடன் எடுத்துச் சென்றது இந்த வீதியின் நினைவையே.

நியூயோர்க்கில் முதலிற் கைகொடுத்தது மேடைதான். வியன்னாவிலிருந்து தப்பி வந்த கலைஞரைக் கூட்டி அகதிகள் நாடகக் குழுவொன்றை அமைத்தார். அடுத்து, வியன்னாவிலிருந்து வந்த லெடரர் என்ற தோற்பொருள் வணிகருக்காக 1939இல் ஐந்தாவது அவெனியூவிற் கடையொன்றை வடிவமைத்தார். ஏனைய கடைகள் கண்ணாடி முகப்பை வீதியோரமாகவே நிறுத்தியிருந்தன. குரூவன் முகப்பை உள்ளே தள்ளி, நடைபாதையை ஒட்டிச் சிறியதொரு முற்றம் அமைத்தார். போவோர் வருவோர் கூட்ட நெரிசலிலிருந்து ஒதுங்கி நின்று பார்த்தனர். நின்றவர் உள்ளே நுழைந்தனர். அக்கடை அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1941இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, 1951இல் தமது பெயரிலேயே நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

போருக்குப் பிந்திய அமெரிக்காவில் மக்கள் நகரை விட்டுப் புறநகருக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். அங்கே வீடுகள் இருந்தன, வீதிகள் இருந்தன, ஒருவரையொருவர் சந்திப்பதற்கு மட்டும் இடம் இல்லை. ஒரு சட்டி வாங்குவதற்கும் மோட்டார் வண்டியில் ஏற வேண்டியிருந்தது. இந்த வெறுமையை நிரப்பத் தாம் இழந்த வியன்னாவின் கடைத்தெருவையே அங்கு கட்டலாம் என்று குரூவன் நம்பினார்.

1954இல் டெட்ரோயிட் அருகே நோர்த்லாண்ட் என்ற பெருங்கடைத்தொகுதி திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மினியாபொலிஸ் நகரின் புறத்தே ஈடைனா என்னும் ஊரிற் சவுத்டேல் திறக்கப்பட்டது. கூரையால் முழுவதும் மூடி, குளிரிலும் வெயிலிலும் ஒரே வெப்பநிலையிற் பேணப்பட்ட முதலாவது கடைத்தொகுதி இதுவே. நடுவே பெரிய முற்றமும் பறவைக் கூண்டும் கோப்பிக் கடையும் இருந்தன. குரூவன் அதை ஓர் ஊரின் இதயமாகவே கருதியிருந்தார். சுற்றிலும் குடியிருப்புகள், பாடசாலை, மருத்துவமனை, பூங்கா, ஏரி யாவும் அவருடைய திட்டத்தில் இருந்தன. முதலீட்டாளர்களோ இலாபம் தரும் கடைகளைக் கட்டினர், ஊரைக் கட்டவில்லை. கடைத்தொகுதியைச் சூழ்ந்தது வாகனத் தரிப்பிடமும் மனை விற்பனையுமே.

இந்த மாதிரி நாடெங்கும் பரவியது. புதிய கட்டடங்களுக்கு 1954இல் வழங்கப்பட்ட வரிச்சலுகையும் 1956இன் நெடுஞ்சாலைச் சட்டமும் அதற்குத் துணைபுரிந்தன. வாடிக்கையாளர் புறநகருக்குப் போகவே, பழைய நகரங்களின் பிரதான வீதிகளிற் கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. வியன்னாவை நினைந்து கட்டியது, அமெரிக்காவின் சொந்தக் கடைத்தெருக்களுக்கு நஞ்சாயிற்று.

குரூவன் மருந்தையும் அதே காலத்திலேயே தேடத் தொடங்கிவிட்டார். சவுத்டேல் திறக்கப்பட்ட அதே 1956இல் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வேர்த் நகருக்கு அவர் தீட்டிய திட்டம் துணிச்சலானது. நகர மையத்தைச் சுற்றி வட்டப் பெருவீதி. அதையொட்டி அறுபதாயிரம் வண்டிகளுக்கு இடமளிக்கும் ஆறு தரிப்பிடங்கள். சரக்குகள் நிலத்தடிப் பாதையில் வரும். உள்ளே வீதிகள் யாவும் நடப்பவருக்கே உரியவை. திட்டமிடுவோரைக் கடுமையாகச் சாடிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார்கூட 1961இல் வெளியான தமது புகழ்பெற்ற நூலில் இத்திட்டத்தின் நோக்கத்தைப் பாராட்டினார். ஆனால் தனியார் தரிப்பிட உரிமையாளர் எதிர்த்தனர். மாநிலச் சட்டசபையில் வேண்டிய அதிகாரமும் கிடைக்கவில்லை. திட்டம் தாளிலேயே தங்கிவிட்டது.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்ற சிறுநகரம் அவருடைய திட்டத்தின் ஒரு பகுதியை ஏற்றது. 1959ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்டிக் வீதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. புற்றரையும் மரங்களும் இருக்கைகளும் வந்தன. ஏற்கெனவே இருந்த கடைத்தெருவொன்றை வண்டிகளுக்கு மூடி நடப்பவருக்கு அளித்தது அமெரிக்காவில் அதுவே முதன்முறை. தொடக்கத்தில் மக்கள் திரண்டனர். அதைக் கண்டு ஏறத்தாழ இருநூறு நகரங்கள் அவ்வழியைப் பின்பற்றின. 1964இற் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிலே சிற்பங்களும் நீரூற்றுகளுமாகப் புல்டன் வீதி எழில்பெற்றது.

அவற்றுட் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. கலமசூவில் 1998இல் வீதியின் ஒரு பகுதி மீண்டும் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. பிரெஸ்னோவில் 1970இலேயே நகரின் வடக்கே மூடிய கடைத்தொகுதியொன்று வந்துவிட்டது. புல்டன் வீதி மெல்ல வெறிச்சோடி, 2017இல் வண்டிகளிடமே திரும்பிப் போயிற்று. காரணம் தேடுவது கடினமன்று. கலமசூவிற்கு அவர் வகுத்த திட்டத்தில் வட்ட வீதியும் தரிப்பிடங்களும் இருந்தன. நகரசபையும் வணிகரும் செலவு குறைந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். மாடியிற் குடியிருப்போர் இல்லாத வீதி மாலை ஆறு மணிக்கு உறங்கிவிடும். வண்டியின்றி வந்துசேர முடியாத நகரில் வண்டியை மட்டும் விலக்கினால் வருவோரும் விலகுவர். பூச்சாடியும் இருக்கையும் விருந்தினரை ஒருநாள் அழைத்து வரலாம். மறுநாளும் வரச் செய்வது அங்கு வாழ்வோரின் நடமாட்டமே.

1968இற் குரூவன் வியன்னாவுக்குத் திரும்பினார். தாய்நகரின் உள்நகரைப் பேணும் திட்டத்திற்கு ஆலோசனை வழங்கினார். 1974இல் இசைநாடக அரங்கிலிருந்து புனித ஸ்டீபன் பேராலயம் நோக்கிச் செல்லும் கேர்ன்ட்னர் வீதி நடப்பவருக்கு உரியதாயிற்று. நிலத்தின் கீழ் தொடர்வண்டிப் பாதை அமைந்தது. மேலே வீடுகளும் கோப்பிக் கடைகளும் முன்னரே இருந்தன. ஆகவே அவ்வீதி நிலைத்தது. இன்றும் உலகெங்கிலுமிருந்து பயணிகள் அங்கே வந்து உலாவுகின்றனர். ஆயினும் விதியின் நகைப்பு ஓயவில்லை. 1976இல் வியன்னாவின் தெற்கே, வாகனத் தரிப்பிடம் சூழ்ந்த பெருங்கடைத்தொகுதி ஒன்று எழுந்தது. 1978இல் லண்டனில் ஆற்றிய உரையில், தமது எண்ணத்தைத் திரித்துப் பிறந்த அக்கடைத்தொகுதிகளுக்குத் தாம் தந்தையல்லர் என்று சினந்து மறுத்தார். 1980ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் வியன்னாவிலேயே காலமானார்.

புகலிட நாடுகளில் நாமும் எமது கடைத்தெருக்களைக் கட்டியிருக்கிறோம். பாரிஸின் லாச்சப்பல் வீதியிற் கறித்தூளும் வாழையிலையும் வாங்க வருவோர், உறவினரைக் கண்டு ஊர்ச்செய்தி பேசி நின்றபின்பே வீடு திரும்புகின்றனர். எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து தராத உயிர் அது. நாளை எவரேனும் அதை அழகுபடுத்த முன்வரலாம். அழிந்த எமது ஊர்ச் சந்தைகளைப் புதுப்பிக்கவும் முன்வரலாம். அவர்கள் காட்டும் வரைபடத்திற் கடைகளை எண்ணுமுன், அக்கடைகளுக்கு மேலே யார் குடியிருப்பர், வாங்கப் பணமில்லாதவர் எங்கே அமர்வர் என்று நாம் கேட்க வேண்டும். தமது நினைவின் ஒருபாதியை மட்டும் பிறர் கட்டக் கண்ட குரூவன், வாழ்நாள் முழுவதும் அதற்கு விலை கொடுத்தார்.