ஒரே மெட்டு, அஞ்சு ஸ்வரம்: வீணை பாலசந்தரின் விரல் வித்தை

கிட்டார்ல கம்பியை விரலால தள்ளி, ஒரு ஸ்வரத்தை இன்னொண்ணா வளைப்பாங்களே, 'பெண்டிங்'... அதை வீணையில எந்த எல்லை வரைக்கும் கொண்டுபோகலாம்? போய்ப் பார்த்த ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா வேற வேஷத்துல. 1954-ல பாட்டே இல்லாம வந்த சிவாஜி படம் 'அந்த நாள்' இருக்கே, அதை இயக்கின எஸ்.பாலசந்தர்தான் அவர்.

1927-ல மயிலாப்பூர்ல பிறந்தவர். சின்ன வயசுலேயே கஞ்சிரா, தபேலா, சிதார்னு எல்லாத்தையும் வாசிச்சார். வீணைக்கு குருன்னு யாரும் இல்லை, தானாவே கத்துக்கிட்டார். அதுதான் அவர் பலம்னு தோணுது. இப்படியெல்லாம் இழுக்காதேன்னு தடுக்க ஆள் இல்லையே!

வீணையில மெழுகுல பதிச்ச 24 மெட்டுகள் இருக்கும். ஒரு மெட்டுல கம்பியை அழுத்திப் பக்கவாட்டுல இழுத்தா, கம்பி இறுகி ஸ்வரம் மேல ஏறும். எல்லா வைணிகர்களும் செய்யறதுதான், ஆனா அளவா. பாலசந்தர் ஒரே மெட்டுல நின்னு, ஒரே ஒரு தடவை மீட்டிட்டு, நாலஞ்சு ஸ்வரங்களைத் தொடர்ச்சியா கொண்டுவந்தார். மெட்டு மெட்டா தாவுற சத்தமே இருக்காது. ஒருத்தர் மூச்சு விடாம பாடுற மாதிரி இருக்கும்.

சுலபம்னு நினைச்சுடாதீங்க. எவ்வளவு இழுக்கணும்னு காட்ட அங்கே கோடு கிடையாது, காதுதான் அளவுகோல். ஒரு நூல் கூடினா அபஸ்வரம், இன்னும் இழுத்தா கம்பியே அறுந்துடும். மீட்டின ஒலி தேயறதுக்குள்ள வேற எல்லாத்தையும் முடிக்கணும்.

வித்தை காட்டுறார்னு முகம் சுளிச்சவங்களும் உண்டு. அவரும் சண்டைக்கு அஞ்சாதவர். சுவாதித் திருநாள் கீர்த்தனைகளை வெச்சு 1980-கள்ல அவர் கிளப்பின சர்ச்சை தனிக் கதை.

1970-ல வந்த 'நடு இரவில்' படத்தோட இயக்கத்தை விட்டார். அப்புறம் வீணைதான். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசிச்சுப் பதிவு பண்ணார். 1982-ல பத்ம பூஷண் வந்தது. 1990 ஏப்ரல் 13 அன்னிக்கு பிலாய்ல காலமானார். நம்ம திருச்சி கைலாசபுரம் பெல் ஆலையால எழுந்த மாதிரி, எஃகு ஆலையால எழுந்த ஊர் அது.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அவரோட ஆலாபனை ஒண்ணைத் தேடிக் கேளுங்க. மீட்டுற சத்தம் எத்தனை தடவை வருது, ஸ்வரம் எத்தனை வருதுன்னு எண்ணிப் பாருங்க.