அமானிதம் காத்த வியாபாரி: ஹஜ்ரத் அபுல் ஆஸ் (ரலி)



ஸஹாபாப் பெருமக்களின் சரித்திரம் என்றதும் போர்க்களத்தில் வாளேந்தி நின்றவர்களே நம் நினைவுக்கு முதலில் வருகிறார்கள். சரக்கும் ஒட்டகமுமாகக் காலம் கழித்து, கொடுக்கல் வாங்கலில் பெயர் எடுத்தவர்களும் அவர்களில் பலர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர்தாம் அபுல் ஆஸ் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். கடை வைத்துப் பிழைக்கும் நாம் அவசியம் அறிந்து கொள்ள வேண்டிய வாழ்க்கை அவர்களுடையது.

அன்னார் மக்கா நகரில் குறைஷிக் குலத்தில் பிறந்தவர். தாயார் ஹாலா, அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் உடன்பிறந்த சகோதரி. தங்கை மகன் அக்காள் மகன் என்ற பாசத்துக்கும் மேலாக, அன்னை கதீஜா அவர்கள் இவரைத் தம் சொந்த மகனைப் போலவே எண்ணியிருந்தார்கள். மக்காவில் பணம் படைத்தவர்கள், வர்த்தகம் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள் என்று எண்ணப்பட்ட சிலரில் இவரும் ஒருவர். ஊரார் தங்கள் முதலை இவர் கையில் ஒப்படைத்து, ஷாம் நாட்டுக்கு வியாபாரத்துக்கு அனுப்புவார்கள்.

நபிப்பட்டம் வருவதற்கு முன்பே, அன்னை கதீஜா அவர்களின் விருப்பப்படி, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மூத்த குமாரி ஜைனப் (ரலி) அவர்களை இவருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். தாயார் தம் கழுத்து மாலையொன்றை மகளுக்கு அணிவித்து அனுப்பி வைத்தார்கள். அந்த மாலையை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

கி.பி. 610-ல் நபிப்பட்டம் வந்தது. ஜைனப் அவர்கள் ஈமான் கொண்டார்கள். கணவரோ முன்னோர் வழியை விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வழி. ஆயினும் அன்பு குறையவில்லை. நாயகத்தை வருத்த வேண்டும் என்பதற்காகவே, அவர்கள் குமாரிகளைத் தலாக் சொல்லும்படி குறைஷித் தலைவர்கள் மருமக்களைத் தூண்டினார்கள். அபூலஹபின் பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். அபுல் ஆஸிடமும் வந்து, குறைஷியரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் மணமுடித்து வைப்பதாக ஆசை காட்டினார்கள். அவர் தம் மனைவிக்கு ஈடாக வேறெந்தப் பெண்ணும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். தலைவர்களின் பகை தம் வியாபாரத்தைப் பாதிக்குமே என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் இந்த நன்றியைக் கடைசி வரை மறக்கவில்லை.

622-ல் நாயகம் அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். ஜைனப் அவர்கள் கணவருடன் மக்காவிலேயே தங்கினார்கள். ஹிஜ்ரி 2-ல், அதாவது 624-ல், பத்ருப் போர் வந்தது. குறைஷியரின் படையில் அபுல் ஆஸும் போனார், கைதியானார். ஒரு பக்கம் தகப்பனார், மறுபக்கம் கணவர். மக்காவில் இருந்த அந்த அம்மையாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பெண் மக்களைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

கைதிகளை மீட்க உறவினர்கள் பணம் அனுப்பினார்கள். ஜைனப் அவர்கள் அனுப்பிய மீட்புப் பொருளில் அந்தக் கழுத்து மாலையும் இருந்தது. மறைந்துபோன அன்னை கதீஜாவின் மாலையைக் கண்டதும் நாயகம் அவர்களின் உள்ளம் இளகிவிட்டது. ஆனாலும் தாமாக உத்தரவிடவில்லை. தோழர்களுக்குச் சம்மதமானால் கைதியை விடுவித்து, பொருளையும் திருப்பித் தரலாமே என்று கேட்டார்கள். தோழர்கள் மனமுவந்து சம்மதித்தார்கள். ஜைனபை மதீனாவுக்கு அனுப்பி வைப்பதாக அபுல் ஆஸ் வாக்குக் கொடுத்தார்.

ஊர் திரும்பியவர் வாக்குத் தவறவில்லை. உயிராக நேசித்த மனைவியைத் தம் சகோதரர் கினானாவின் துணையோடு அனுப்பி வைத்தார். குறைஷியர் வழிமறித்தார்கள். ஹப்பார் என்பவன் ஈட்டியை நீட்டி மிரட்டியதில், கர்ப்பிணியாக இருந்த அம்மையாருக்குக் கரு சிதைந்தது என்று சரித்திரம் கூறுகிறது. பிறகு, கூச்சல் அடங்கியதும் ஓர் இரவில் கினானா அவர்களை அழைத்துச் சென்று, ஜைத் இப்னு ஹாரிதா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்.

அதன்பின் சில ஆண்டுகள் பிரிவு. ஹிஜ்ரி 6-ல் அபுல் ஆஸ் ஷாமிலிருந்து சரக்குடன் திரும்பி வரும் வழியில், முஸ்லிம்களின் படை காபிலாவைக் கைப்பற்றியது. அதில் அவர் சொந்தச் சரக்கும் உண்டு. ஊரார் ஒப்படைத்த முதலும் உண்டு. இரவோடு இரவாக மதீனாவுக்குள் வந்து ஜைனப் அவர்களிடம் அடைக்கலம் கேட்டார். சுபுஹுத் தொழுகை வேளையில், பெண்கள் இருந்த பக்கமிருந்து ஜைனப் அவர்கள் உரத்த குரலில் தாம் அடைக்கலம் கொடுத்திருப்பதை அறிவித்தார்கள். தமக்கும் இது அந்நேரம்தான் தெரியும் என்று தொழுகைக்குப் பின் விளக்கிய நாயகம் அவர்கள், அந்த அடைக்கலத்தை ஏற்றார்கள். வந்தவரைக் கண்ணியமாக நடத்தும்படியும், மார்க்கம் வேறாக இருப்பதால் கணவராக நெருங்க விடக்கூடாது என்றும் மகளுக்குச் சொன்னார்கள்.

பிடித்த சரக்கைத் திருப்பிக் கொடுப்பது படையினரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அவர்கள் பழைய தோல் பையையும் கயிற்றையும் கூட விடாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது சிலர், இஸ்லாத்தைத் தழுவிவிட்டால் இந்தப் பொருளெல்லாம் உமக்கே ஆகிவிடுமே என்று யோசனை சொன்னார்கள். அமானிதத்தில் மோசம் செய்துகொண்டு இஸ்லாத்துக்குள் நுழைவது கெட்ட ஆரம்பம் என்று அவர் மறுத்துவிட்டார். மனைவி அதே ஊரில் இருக்கிறார், ஒரு கலிமாச் சொன்னால் குடும்பம் சேரும், பொருளும் மிஞ்சும். அத்தனையையும் விட்டு ஒட்டகத்தை மக்காவை நோக்கித் திருப்பினார்!

மக்காவில் ஒவ்வொருவர் முதலையும் அவரவர் கையில் சேர்த்தார். யாருக்காவது இன்னும் பாக்கி உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே, அவர்கள் முன்னிலையில் கலிமாவை மொழிந்தார். மதீனாவிலேயே சொல்லியிருந்தால், பொருளைச் சாப்பிட வழி தேடினார் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள் என்பதையும் வெளிப்படையாகக் கூறினார்.

ஹிஜ்ரி 7-ல் மதீனா வந்து சேர்ந்தார். நாயகம் அவர்கள் ஜைனபை அவரிடம் சேர்த்து வைத்தார்கள். ஆனால் அந்த இல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. ஹிஜ்ரி 8-ல் ஜைனப் நாயகி காலமானார்கள். உமாமா என்ற பெண் குழந்தை மிஞ்சியது. நாயகம் அவர்கள் தொழும்போது தோளில் சுமந்திருந்தது இந்தப் பேத்தியைத்தான். பேசினால் உண்மை பேசியவர், வாக்களித்தால் நிறைவேற்றியவர் என்று மருமகனை நாயகம் அவர்கள் பலர் அறியப் புகழ்ந்தார்கள். ஹிஜ்ரி 12-ல், 634-ஆம் ஆண்டில், அபுல் ஆஸ் (ரலி) அவர்கள் வபாத்தானார்கள்.

முன்னாளில் இங்கிருந்து கப்பலேறிய நம் பெரியவர்களிடம், ஊரிலுள்ள வீட்டாருக்காக எத்தனையோ பேர் பணமும் பொருளும் கொடுத்து அனுப்பினார்கள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. நம்பிக்கை ஒன்றுதான் ரசீது. அந்த நம்பிக்கைதான் நம் கடைகளின் முதல். அபுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குப் பொருள் கொடுத்தவர்கள் அவருடைய மாமனாரின் பகைவர்கள். அவர்களுக்கும் ஒரு காசு குறையாமல் கொடுத்தார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். மனைவியிடம் காட்டிய உண்மையும் ஊராரிடம் காட்டிய உண்மையும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன. நம் வீட்டிலும் கடையிலும் அந்த உண்மை நிலைக்க அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.