ரசிகமணி டி.கே.சி.: கதையைக் கதையாக அனுபவித்தவர்



கல்லூரியில் நம்மில் பலர் கம்பராமாயணம் படித்தது மார்க்குக்காகத்தான். பதம் பிரித்தோம், பொழிப்புரை எழுதினோம், என்ன அணி என்று நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் பண்ணினோம். பரீட்சை முடிந்து மூடிய புத்தகத்தைப் பிறகு எத்தனை பேர் திறந்தோம்? அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்றிருக்கும் நமக்கு, இந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள ஏற்ற மனிதர் ரசிகமணி டி.கே.சி.

டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்தார். குடும்பம் தென்காசி. சட்டம் படித்தவர், ஆனால் வக்கீல் தொழிலில் மனசு ஒட்டவில்லை. பின்னாளில் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினராகவும், இந்து அறநிலைய வாரியத்தில் கமிஷனராகவும் இருந்தார். என்றாலும் அவர் பேர் நிலைத்தது பதவியால் அல்ல, வட்டத்தொட்டியால்.

திருநெல்வேலியில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் கூடிய நண்பர் குழாம்தான் வட்டத்தொட்டி. அங்கே கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். யார் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்று கதையைச் சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாகப் பாடுவார். திரும்பத் திரும்பப் பாடுவார். இலக்கணம் தெரியாதவருக்கும் பாட்டு உள்ளே இறங்கிவிடும். உரையைப் புரட்ட வேண்டிய தேவையே வராது. ராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். கவிமணியின் பாடல்களை ஊரறியச் செய்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கம்பராமாயணத்தில் இருக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஏராளமானவை இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். புலவர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ரசனை ஒன்றை மட்டும் வைத்துப் பாடம் தீர்மானிக்க முடியாது. ஏடுகளை ஒப்பிட்டு உழைத்த பண்டிதர்கள் இல்லாவிட்டால் டி.கே.சி. கையிலேயே புத்தகம் வந்திருக்காது. ஆனால் பண்டிதர்கள் காப்பாற்றிக் கொடுத்ததை, பயமில்லாமல் அனுபவிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல, அனுபவம் முதலில் வரட்டும் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம்.

கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து, 1954 பிப்ரவரி 16இல் மறைந்தார்.

நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவரும் நமக்கு ஐந்து மார்க் கேள்வியாகவே நின்றுவிட்டார். இந்த வாரம் பெரியபுராணத்தில் கண்ணப்பர் கதையை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள். குழந்தை தானாக வந்து, அப்புறம் என்ன ஆச்சு தாத்தா என்று கேட்டால் போதும். உங்கள் வீட்டுக் கூடமும் ஒரு வட்டத்தொட்டிதான்.

வாழ்க ரசிகமணி புகழ்!