வெண்சேலையில் ஒரு வெண்கலக் குரல்

மின்சாரம் எட்டாத அந்தக் காலத்தில் நம் தீவகத்து ஊர்களுக்குப் பாட்டு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, கோயில் முற்றத்தில் விடிய விடிய நடந்த நாட்டுக்கூத்து. மற்றது, சாவி கொடுத்துச் சுழலவிடும் கிராமபோன் பெட்டி. பெட்டி வைத்திருந்த வீட்டில் அயலெல்லாம் கூடிவிடும். அந்தப் பெட்டியிலிருந்து கணீரென்று எழுந்த குரல்களுள் முதலிடம் பெற்றது கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரலாகும்.

அவர் நம் மதத்தவர் அல்லர். முருகபக்தியில் ஊறிய சைவப் பெண்மணி. எனினும் அவருடைய வாழ்வில் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

பசியில் பிறந்த பாட்டு

தமிழ்நாட்டில் காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். ஊரின் பெயரும் தாயின் பெயருமே அவருடைய முதலெழுத்துகளாயின. வீட்டிலோ கொடிய வறுமை. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்று வயிறு கழுவியதாகச் சொல்வர். அக்குரலின் அருமையை அறிந்த பெரியோர் சிலர் அவரை வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டனர். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவர் மேடையேறினார். பசியை அறிந்த பிள்ளைக்கு அதை நடிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். உச்சத் தொனியில் நின்று, சொல் சிதையாமல் பாடும் வன்மை இப்பயிற்சியில் வந்ததே. நம் அண்ணாவிமாரின் கூத்துப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

கொழும்பில் சந்திப்பு

நாடகக் குழுவுடன் இலங்கைக்கு வந்த சுந்தராம்பாள் இங்கே பெரும் புகழ் பெற்றார். 1926ஆம் ஆண்டு செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்தார். எட்டாத உயரத்துக்கும் எளிதாய் ஏறும் குரல் படைத்த இளைஞர் அவர். இருவரும் வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியுமாகத் தோன்றினர். ஒருவர் குரலை ஒருவர் வெல்ல முயன்ற அந்தத் தர்க்கப் பாடல்களைக் கேட்கச் சனம் திரண்டது.

மேடையில் இணைந்தவர்கள் 1927ஆம் ஆண்டு மாயவரத்தில் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கோ ஏற்கெனவே மனைவி இருந்தார். திருச்சபையின் போதனையில் நிற்கும் நாம் இதை முன்மாதிரி என்று கொள்ள முடியாது. அதனால் வந்த துயரமும் சிறிதல்ல. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. கணவர் பிரிந்து சென்றார். மதுவுக்கு அடிமையாகி உடல் கெட்டார். 1933 டிசம்பர் 2ஆம் நாள் இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

தட்டில் நின்ற குரல்

இருவரும் பாடிய இசைத்தட்டுகள் அக்காலத்தில் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாட முடியும். விடியும்வரை விரித்துப் பாடிப் பழகியவர்கள் அந்தச் சிறு பொழுதுக்குள் பாட்டின் உயிரை அடக்கவேண்டியிருந்தது. பக்திப் பாடல்களோடு நாட்டு விடுதலைப் பாடல்களும் தட்டுகளில் ஏறின. நாடகம் பார்க்கக் காசில்லாத ஏழைக்கும் கடல் கடந்திருந்த தமிழனுக்கும் அவை எட்டின. கிட்டப்பாவின் உடல் மறைந்தது. குரல் தட்டில் நின்றது. மனைவியே விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தெருவில் எங்கோ சுழலும் பெட்டியிலிருந்து அந்தக் குரல் அவரை அழைத்துக்கொண்டே இருந்திருக்கும்.

கைவிட்டுப் போனவருக்காக அவர் கசப்புக் கொள்ளவில்லை. நகைகளைக் கழற்றினார், வெண்சேலை உடுத்தார். இனி எந்த ஆணுடனும் சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இறக்கும்வரை, 47 ஆண்டுகள், அந்த உறுதி குலையவில்லை.

மீண்டும் ஒலித்தது

சில காலம் மௌனமாயிருந்தவரைக் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் தேற்றிப் பொதுமேடைக்கு அழைத்துவந்தனர். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் ஆண்வேடமிட்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு இலட்சம் ரூபா நாடெங்கும் பேசப்பட்டது. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார் வெளிவந்தபின், தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஔவைப்பாட்டி என்றாலே அவருடைய முகமும் குரலுமே நினைவுக்கு வந்தன. 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். 1951இல் சென்னை மேலவை உறுப்பினரானார். 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. 1980இல் மறைந்தார்.

நமக்கு ஒரு கேள்வி

லூக்கா நற்செய்தியில் அன்னா என்னும் முதிய விதவையைச் சந்திக்கிறோம். ஏழாண்டு மணவாழ்வுக்குப்பின் நெடுங்காலம் விதவையாய் ஆலயத்தை விட்டு நீங்காது செபித்தவர். பாலன் யேசுவைக் கண்டதும் வாய்மூடி இருக்கவில்லை. எல்லோருக்கும் அவரைப்பற்றிப் பேசினார். விதவையின் வாயை ஆண்டவர் அடைக்கவில்லை. அடைத்தது நம் சமுதாயமே.

சுந்தராம்பாள் அம்மையார் வெண்சேலையுடனேயே மேடையேறினார். சபையோர் எழுந்து வணங்கினர். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? போர் நம் மண்ணில் எத்தனையோ பெண்களை இளவயதிலேயே விதவைகளாக்கிவிட்டது. மகளின் திருமணத்தில் தாயே பின்வரிசையில் ஒதுங்கி நிற்பதை இன்றும் காண்கிறோம். மணமக்களை ஆசீர்வதிக்க அவர் கை முன்வந்தால் முகம் சுளிப்பவரும் உண்டு. உயிர்த்த கிறிஸ்துவை விசுவசிக்கும் குடும்பத்தில் இந்த வழக்கத்துக்கு இடமுண்டா?

அடுத்த திருமணத்தின்போது அந்தத் தாயை முன்வரிசைக்கு அழைப்போம். அவர் குரல் நன்றாயிருந்தால் ஒரு பாட்டும் பாடச் சொல்வோம்.