பயற்றில் பால் கண்ட பேரறிஞர்

முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் மீனே பலருக்குப் புரத உணவு. ஊன் மறுத்த நம்மவர்க்குப் பருப்பும் பாலுமே துணை. பாலும் கிட்டாத ஏழைக் குழந்தைக்கு யாது வழி? இவ்வினாவுக்கு விடை காண நெடுங்காலம் உழைத்த நம் நாட்டு அறிவியலாளர் டாக்டர் வி. சுப்பிரமணியன் அவர்களின் வாழ்க்கையை நம் இளையோர் அறிதல் வேண்டும் என விழைகிறோம்.

1902ஆம் ஆண்டு பிறந்த இவர், இங்கிலாந்தில் நீர் தேங்கிய நிலங்களின் மண்ணை ஆராய்ந்து புகழ் பெற்றார். நாடு திரும்பிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராய் விளங்கினார். உலகப் போரும் வங்கப் பஞ்சமும் வாட்டிய 1940களில், சோயா மொச்சையிலிருந்து பால் எடுக்கும் முறையைத் தம் குழுவினருடன் ஆராய்ந்தார்.

பயற்றை ஊறவைத்து அரைத்தால் மட்டும் பால் ஆகிவிடாது. பாலில் கொழுப்பும் நீரும் பிரியாமல் இருப்பதற்குக் காரணம் புரதமே. அது கொழுப்புத் துளி ஒவ்வொன்றையும் மெல்லிய போர்வைபோல் சூழ்ந்து நிற்கிறது. பயற்றுப் புரதமும் இப்பணியைச் செய்ய வல்லது. ஆயினும், சற்றே புளிப்பேறினால் நீரில் கரையாது திரண்டுவிடும். புளிப்பு நீங்கினால் கரைந்து எண்ணெயைத் தாங்கும். அளவான சூடு, செரிமானத்தைத் தடுக்கும் பொருளை அடக்கும். மிகையான சூடோ புரதத்தையே கெடுக்கும். இந்நுட்பங்களை அறிந்து நடத்துவதிலேயே வெற்றி உள்ளது.

1950 அக்டோபரில் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது, இவரே அதன் முதல் இயக்குநரானார். அங்கு நிலக்கடலைப் பாலும் அதிலிருந்து தயிரும் உருவாயின. கால்நடைக்கும் எருவுக்கும் போன பிண்ணாக்கு, தூய முறையில் மாவாகி மனிதருக்கு உணவாயிற்று. அம்மாவு 75 பங்கும் கடலைப்பருப்பு மாவு 25 பங்கும் கலந்து, உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச்சத்தும் சேர்த்துப் பல்நோக்கு உணவு ஆக்கினர். எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையும் அந்நிலையத்திலேயே பிறந்தது.

பின்னர் 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆய்வு மையத்தை உருவாக்கினார். இன்று தஞ்சையில் இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அதுவே வித்து. 1979இல் இவர் மறைந்தார்.

இவர் ஈடுபட்ட துறை இன்று மேலும் வளர்ந்துள்ளது. நொதிகளால் சோயாப் புரதத்தைச் சிறிதளவு சிதைத்தால், எண்ணெயைத் தாங்கும் திறனும் நுரைக்கும் திறனும் கூடுகின்றன. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெண்கருவின் நுரையால் ஆவதாகலின், நம் இல்லங்களில் அதற்கு இடமில்லை. அவ்வெண்கருவின் பணியையும் பயறு ஏற்கும் காலம் இது. பிற உயிரை வருத்தாது பசி தீர்க்கும் அறிவே அறம் சார்ந்த அறிவு. அவ்வழியில் உழைத்த இப்பெரியாரை நன்றியோடு நினைவோமாக.