திருகோணமலையில் வியாழனைக் கண்டவர்

விண்ணாராய்ச்சி என்றதும் மலையுச்சி மாடங்களும் அரசினர் செய்யும் பெரும் பொருட்செலவுமே நம் நினைவுக்கு வருகின்றன. தனியொருவர், ஈழத்தின் கீழைக் கரையில், தமக்கென ஓர் அவதான நிலையம் அமைத்து, அறிஞருலகம் மதிக்கும் பணி செய்தார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். அவரே பெர்சி பிரேய்புரூக் மோல்ஸ்வேர்த்.

1867ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தவர் அவர். தந்தையார் சேர் கில்போர்ட், இலங்கைப் புகையிரதப் பாதை அமைப்பில் முதன்மை பெற்ற பொறியியலாளர். மகனோ இங்கிலாந்திற் பயின்று, படைப்பொறியியலாளராகித் திருகோணமலையை அடைந்தார். பகலிற் படை அலுவல், இரவில் வானம். பன்னிரண்டரை அங்குல ஆடி பொருந்திய தொலைநோக்கியொன்றை 1890களில் அங்கு நிறுவினார். இங்கிலாந்தில் அடிவானத்தருகே கலங்கித் தோன்றும் கோள்கள், நம் நாட்டில் உச்சிக்கருகே தெளிந்து நிற்கும். அவ்வாய்ப்பை அவர் நன்குணர்ந்தார்.

வியாழன் பத்து மணிக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் தன்னைத் தானே சுற்றுகின்றது. அதன் முகத்திலுள்ள புள்ளியொன்று வட்டின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்தால், அதன் நெடுங்கோடு புலனாகும். பன்னாட் குறிப்புகளை ஒப்பிட்டால், அம்முகில்கள் நகரும் விரைவும் விளங்கும். சொல்வது எளிது, இரவுதோறும் விழித்திருந்து செய்வது அரிது. மோல்ஸ்வேர்த் ஆயிரக்கணக்கிற் குறித்தார். 1901 பெப்ரவரி 28இல், வியாழனின் தென் வெப்ப வலயத்திற் கருமையான கலக்கமொன்றைக் கண்டார். பெருஞ்செம்புள்ளியை மீண்டும் மீண்டும் முந்திச் சென்ற அக்கலக்கம் ஏறக்குறைய நாற்பதாண்டு நிலைத்தது.

1906இல் படையைவிட்டு நீங்கிய பின்னும் திருகோணமலையிலேயே தங்கினார். 1908 நத்தார் தினத்தன்று, வயிற்றளைச்சலால், நாற்பத்தொரு வயதில் அங்கேயே மறைந்தார். செவ்வாய்க் கோளிலுள்ள ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் ஆட்சியாளர் இனத்தவர். ஆங்கிலத்தில் எழுதி இலண்டனுக்கு அனுப்பியவர். அதனால் அவரை அன்னியரென ஒதுக்க நான் ஒருப்படேன். என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. கோள்களின் பெயரைத் தடையின்றி ஒப்புவிக்கும் நம் மாணவர், வியாழனை வானிற் சுட்டுமாறு கேட்டால் திகைக்கின்றனர். மன்னாரின் கீரிக் கடற்கரைக்கும் திருகோணமலைக்கும் அகலக்கோட்டில் ஏறக்குறைய அரைப் பாகையே வேறுபாடு. அவர் கண்ட வானமே இங்கும் விரிந்துள்ளது. நம் கல்லூரிகளும் இலக்கிய மன்றங்களும் சிறு தொலைநோக்கியொன்றைப் பெற்று, கண்டதைக் கண்டவாறு நாளும் நேரமுமிட்டுத் தமிழிற் குறித்துவைக்க மாணவரைப் பழக்குமாயின், அப்பெரியாருக்கு அதனினுஞ் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டுவதில்லை.